எந்தக் குடி என்று கேட்ட படிவம்

(பெர்லினில் தமிழ் அன்பர்கள் நடுவே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சென்ற கோடையில் ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போயிருந்தேன். தேர் நிலைக்கு வந்த பிறகு அன்னதான வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். பின்னால் நின்ற பையனுக்குப் பதினான்கு வயதிருக்கும். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. "மாமா, நீங்கள் சரித்திரம் படிப்பிச்சனீங்கள் எண்டு அப்பா சொன்னவர். நாங்கள் சத்திரியரோ?" என்று கேட்டான். கையில் கைபேசி. அதில் வாளும் புலியும் நெருப்புமாக ஒரு காணொளி ஓடிக்கொண்டிருந்தது. அவன் அப்பா சங்கடப்பட்டு அவன் தோளைப் பிடித்து இழுத்தார். நான் அங்கே பதில் சொல்லவில்லை. சோற்றுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சொல்லி முடிக்கிற பதிலாக அது இல்லை. அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். பையனும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்.

பதிலை இந்த ஊருக்கு அருகிலிருந்தே தொடங்குகிறேன். பெர்லினுக்குத் தெற்கே சுமார் நாற்பது கிலோமீட்டரில் வூன்ஸ்டோர்ஃப் என்ற சிற்றூர் இருக்கிறது. அதற்கு அப்பால் பைன் மரக் காட்டுக்குள் செரென்ஸ்டோர்ஃப் இந்தியக் கல்லறைத் தோட்டம். போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போய் வந்தேன். வெட்டிவிட்ட புல், ஒரே உயரத்தில் வெண்கற்கள். முதல் உலகப் போரில் சிறைப்பட்டு இங்கே இறந்த 206 இந்தியப் படையினரின் நினைவிடம் அது. இந்துக்களின் கல்லில் நாகரி எழுத்தில் கடவுள் வணக்கம் ஒரு வரி, பிறகு படைப்பிரிவின் பெயர், ஆள் பெயர், இறந்த தேதி. பனிக்காலத்தில் இறந்தவர்கள் அதிகம். காசநோய் கொண்டுபோனது. நெடுங்காலம் அந்தக் காடு இராணுவப் பயிற்சித் திடலாக இருந்து, கற்கள் சிதைந்து கிடந்தன. 2005இல்தான் சீர்செய்து மீண்டும் நிறுத்தினார்கள்.

இவர்கள் எப்படி இங்கே வந்தார்கள்? 1914 செப்டம்பர் கடைசியில் இந்தியப் படை மார்செய் துறைமுகத்தில் இறங்கியது. அந்தக் குளிர்காலத்திலேயே பிரான்சின் வடக்கிலும் பெல்ஜியத்திலும் பதுங்குகுழிச் சேற்றில் பல பட்டாளங்கள் பாதியாகக் குறைந்தன. பிடிபட்டவர்களை ஜெர்மானியர்கள் வூன்ஸ்டோர்ஃபின் "பிறைநிலா முகாமில்" வைத்தார்கள். பிரிட்டனுக்கு எதிராக அவர்கள் மனத்தைத் திருப்ப முடியும் என்று எண்ணினார்கள். முகாமுக்குள் 1915இல் ஒரு பள்ளிவாசல் எழுந்தது. இந்தியிலும் உருதுவிலும் ஒரு பத்திரிகை அச்சாகி வந்தது. பெர்லினில் இருந்த இந்திய விடுதலைக் குழுவினர் அங்கே போய்ப் பேசினார்கள். நம் செண்பகராமன் பிள்ளை அந்தக் குழுவில் இருந்தவர்.

நான் சொல்ல வந்தது இன்னொரு கூட்டத்தைப் பற்றி. அரச பிரஷ்ய ஒலிப்பதிவு ஆணையம் என்று ஒன்று 1915இல் அமைந்தது. வில்ஹெல்ம் டேகன் என்ற ஆசிரியர் அதன் உயிர்நாடி. உலகத்தின் மொழிகளெல்லாம் போர்க்கைதிகளாக வந்து இங்கே அடைந்து கிடக்கும்போதே பதிந்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. கைதியைக் கொண்டுவந்து ஒரு பெரிய புனலுக்கு முன்னால் நிறுத்துவார்கள். முன்பே எழுதிப் பழக்கிய வாசகத்தை அவர் சொல்ல வேண்டும். ஊசி மெழுகில் கீறும். அதிலிருந்து அரக்குத் தட்டு வார்ப்பார்கள். இப்படி 1915 முதல் 1918 வரை எடுத்த தட்டுகள் ஆயிரத்து அறுநூறுக்கு மேல். இன்று அவை ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிக்காப்பகத்தில் இருக்கின்றன.

மல் சிங் என்ற பஞ்சாபிச் சீக்கியரின் குரல் அவற்றுள் ஒன்று. 1916 டிசம்பர் 11 அன்று பதிவானது. ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். ஒரு மனிதன் இருந்தான் என்று யாரையோ பற்றிச் சொல்வதுபோல் தன் கதையைச் சொல்கிறார். ஊரில் குடித்த பாலும் தின்ற வெண்ணெயும் நினைவுக்கு வருகின்றன. சமாதானம் ஏற்பட்டால் அந்த மனிதன் ஊர் போய்ச் சேருவான் என்கிறார். நான் பல முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தச் சின்ன இடைவெளிகளில், அவர் மூச்சு வாங்கும் இடத்தில், நெஞ்சு அடைத்துக்கொள்கிறது.

ஒவ்வொரு குரலோடும் ஒரு தாள் உண்டு. ஆள் விவரப் படிவம். பிறந்த ஊர் எது, அப்பாவின் ஊர் எது, அம்மாவின் ஊர் எது, தாய்மொழி என்ன, எழுதப் படிக்கத் தெரியுமா, பாடுவீர்களா, மதம் என்ன, தொழில் என்ன? அவற்றுக்கு நடுவே ஒரு கேள்வி: எந்தக் குடியைச் சேர்ந்தவர்? நம் பையன் என்னைக் கேட்டதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான்.

முகாமில் "கூர்க்கா" என்று எழுதப்பட்டவர்களை எடுத்துக்கொள்வோம். கூர்க்கா என்பது சாதிப் பெயரே இல்லை. கோர்க்கா நேபாளத்து மலையில் ஓர் ஊர், ஒரு சிறிய அரசு. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்த ஊர் அரசர் பிருத்வி நாராயண் ஷா காத்மாண்டுப் பள்ளத்தாக்கைப் பிடித்து நேபாளத்தை ஒன்றாக்கினார். அவர் படையில் நின்றவன் கோர்க்காலி ஆனான். பிரிட்டிஷார் அதை இன்னும் விரித்து, ராய், லிம்பு, மகர், குருங் என்று தனித்தனி மொழி பேசும் மலை மக்களையெல்லாம் ஒரே சொல்லில் அடைத்தார்கள். அவர்களோடு கஸ் மக்களும் உண்டு. சாதி அடுக்கில் மேலே, பூணூல் போட்டு, சேத்ரி என்று சொல்லிக்கொள்பவர்கள் இந்தக் கஸ் மக்கள்தான். சேத்ரி என்றால் க்ஷத்திரியன். கஸ் என்ற பெயர் பழைய வடமொழி நூல்களில் இழிவாகப் பேசப்பட்ட மலைக்குடியின் பெயர். அந்தக் குடி சில நூற்றாண்டுகளில் க்ஷத்திரியர் ஆகிவிட்டது. 1854இல் வந்த முலுக்கி ஐன் என்ற நேபாளச் சட்டம் அதைச் சட்டமாகவே எழுதிவைத்தது.

அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த ஜங் பகதூரின் கதை இன்னும் நெருக்கமானது. அவர் குன்வர் குடும்பத்தில் பிறந்தவர். 1846இல் கோத் மண்டபத்தில் நடந்த படுகொலைக்குப் பிறகு நாடே அவர் கைக்குள் வந்தது. சில ஆண்டுகளிலேயே, தம் முன்னோர் ராஜஸ்தானத்துச் சித்தூரிலிருந்து வந்தவர்கள் என்ற வம்சாவளியோடு குன்வர் குடும்பம் "ராணா" ஆயிற்று. நேபாளத்து ஷா அரசர்களும் சித்தூர் வழி வந்தவர்களாகவே தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். மேற்கே கார்வாலுக்கு வாருங்கள். அங்கே அரச குடும்பம் மாளவத்துப் பரமாரர் வழி. மற்ற உழவர்-வீரர்கள் "கஸ் ராஜபுத்திரர்". சமவெளியிலிருந்து வந்தோம் என்பவர் ஒரு படி மேல், மலையிலேயே இருந்தோம் என்பவர் ஒரு படி கீழ். 39ஆம் கார்வால் ரைபிள்ஸைச் சேர்ந்த தர்வான் சிங் நேகி 1914 நவம்பரில் ஃபெஸ்துபேரில் காட்டிய வீரத்துக்காக விக்டோரியா சிலுவை பெற்றார். தலையில் இரண்டு காயம், கையில் ஒரு காயம், அப்படியே பதுங்குகுழியில் முன்னேறிக்கொண்டிருந்தார். அந்தக் குழியில் அவர் எந்த ஊர் ராஜபுத்திரர் என்று யார் கேட்டிருப்பார்கள்?

சரி, எல்லோரும் கைகாட்டுகிற சித்தூருக்கே போவோம். சித்தூரை ஆண்ட மேவார் அரசர்கள் சூரிய குலத்தவர், இராமபிரான் வழி வந்தவர்கள் என்பது நாடறிந்த செய்தி. ஆனால் அவர்களுடைய ஆட்பூர் கல்வெட்டு, கி.பி. 977இல் வெட்டியது, வேறு சொல்கிறது. குலத்தின் முதல்வன் குகதத்தன் ஆனந்தபுரத்துப் பிராமணக் குடும்பத்தவன் என்கிறது. இன்னொரு ராஜபுத்திரக் குலமான சௌகான்களின் பிஜோலியா கல்வெட்டு சுமார் 1170ஐச் சேர்ந்தது. அதுவும் ஒரு முன்னோனை வத்ச கோத்திரத்துப் பிராமணன் என்கிறது. அடுத்த இருபது ஆண்டுகளில் எழுந்த பிருத்விராஜ விஜயம் என்னும் காவியத்தில் அதே சௌகான்கள் சூரிய குலம். பின்னால் வந்த பிருத்விராஜ ராசோவில் அவர்கள் ஆபு மலையில் வசிட்டர் வளர்த்த வேள்வித் தீயில் பிறந்த அக்னி குலம். ஒரே குடும்பத்துக்கு மூன்று பிறப்பு. இதைப் பொய் என்று தள்ளிவிட எனக்கு மனம் வராது. நிலம் கைக்கு வந்த ஒரு குடி, பக்கத்து அரசன் சபையில் சமமாக உட்கார என்னென்ன கேட்கப்பட்டதோ அதையெல்லாம் தேடித் தந்திருக்கிறது.

ராஜபுத்திரன் என்ற சொல்லின் பொருள் அரசன் மகன், அவ்வளவுதான். ஏழாம் நூற்றாண்டுக்குப் பிறகு சிற்றரசனுக்கும், படைச்சேவைக்கு நிலம் பெற்றவனுக்கும் அது பட்டமாகப் பரவியது. வரலாற்றறிஞர் பி.டி. சட்டோபாத்யாய 1976இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாக்கியது. காடு திருத்தி உழவு பெருகியது, கோட்டைகள் எழுந்தன, கோட்டைக்குக் கோட்டை பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். அந்தக் கொள்வினை கொடுப்பினைக்குள் வந்தவர்கள் ராஜபுத்திரர் ஆனார்கள். அதற்கு முன்னால் 1829இல் ஜேம்ஸ் டாட் என்ற கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரி, இவர்கள் மத்திய ஆசியச் சித்தியரின் வழி வந்தவர்கள் என்று தன் பெரிய நூலில் எழுதினார். குதிரை, வாள், போர் எல்லாவற்றையும் ஐரோப்பிய நிலப்பிரபுக் காலத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தவர் அவர். ரத்தத்தில் விடை தேடும் வழக்கம் அவரோடு வேரூன்றியது. நம் பிள்ளைகளின் கைபேசியில் ஓடுகிற காணொளிகள் பலவும் இன்றைக்கும் அவர் போட்ட தடத்தில்தான் ஓடுகின்றன.

கிழக்கே போனால் கதை இன்னும் விரிகிறது. போஜ்பூர், அவத் பக்கத்து உழவர் பிள்ளைகள் அறுவடை முடிந்ததும் ஈட்டியோ துப்பாக்கியோ எடுத்துக்கொண்டு வெளியூருக்கு நடப்பார்கள். நௌகரி, அதாவது கூலிக்குப் படைவேலை. டச்சு அறிஞர் டிர்க் கோல்ஃப் 1990இல் எழுதிய நூலில் இந்தச் சந்தையை அப்படியே கண்முன் நிறுத்துகிறார். பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் ராஜபுத்திரன் என்பது திறந்த கதவு. படைத்தலைவனை நம்பி வந்து, அவன் சோற்றைத் தின்று, அவனுக்காகச் சாகத் துணிந்தவன் அந்தப் பெயரைப் பெற்றுக்கொண்டான். முகலாயர் அரசவையில் வம்சாவளிக்கு விலை ஏறியதும் கதவு மூடத் தொடங்கியது. சாரணர், பாட்டர் என்ற குலப்பாடகர்கள் பரம்பரை ஏடுகளைப் புதுக்கி எழுதினார்கள். ஜோத்பூர் திவான் முஹணோத் நைணசி பதினேழாம் நூற்றாண்டில் குலங்களின் கதைகளைத் தொகுத்துவைத்தார். யார் அசல், யார் கலப்பு என்ற கேள்வி அரண்மனைக் கேள்வி ஆயிற்று.

அந்தக் கதவு மூடியதில் நசுங்கியவர்கள் பெண்கள். மேல் குலத்தில்தான் பெண் கொடுக்க வேண்டும் என்ற விதி வந்ததும், மேலே போகப் போக மாப்பிள்ளை அருகினான், வரதட்சணை ஏறியது. பல குலங்களில் பிறந்த பெண் குழந்தையைக் கொன்றார்கள். அந்தக் கொடுமையைத் தடுக்க 1870இல் தனிச் சட்டமே வேண்டியிருந்தது. குலப்பெருமை பேசும் மேடைகளில் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. நான் புரட்டிக் காட்டிவிட்டுத்தான் மேலே போவேன்.

தமிழ் மண்ணிலும் ராஜபுத்திரர் உண்டு. செஞ்சிக் கோட்டைக்குக் கிழக்கே உள்ள ஊர்களில் தேசிங்கு ராஜன் கதைப்பாட்டைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. தேசிங்கு என்பது தேஜ் சிங். புந்தேல்கண்டத்துப் புந்தேலா ராஜபுத்திரன். தந்தை சொரூப் சிங்குக்கு ஔரங்கசீப் செஞ்சிக் கோட்டையைக் கொடுத்திருந்தார். தந்தைக்குப் பின் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பாக்கி கேட்டு வர, 1714 அக்டோபரில் தேசிங்கு போரில் மாண்டான். வயது இருபத்திரண்டு. தோழன் மகபத் கானும் கூடவே மாண்டான். தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாப் அமைத்த ஊர்தான் ராணிப்பேட்டை. தேசிங்கோடு வந்த புந்தேலாக்களின் பெயர் நம் நாவில் "போந்திலி" ஆகி, ஒரு சாதிப் பெயராகவே நிலைத்துவிட்டது. புந்தேல்கண்டத்தில் குலப்பெயராக இருந்தது செஞ்சியில் சாதிப்பெயர். பெயர் அப்படித்தான் ஊருக்கு ஊர் உருமாறும்.

அதே வடதமிழ்நாட்டில் வன்னியர் தங்களை அக்னி குல க்ஷத்திரியர் என்கிறார்கள். சம்பு முனிவரின் வேள்வித் தீயில் ருத்ர வன்னியன் எழுந்தான் என்பது அவர்கள் மரபு. ஆபு மலைத் தீயும் இந்தத் தீயும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், குடிமதிப்பு எடுக்க வந்த அதிகாரிகளிடம் தங்களை க்ஷத்திரியர் என்று எழுதச் சொல்லி மனுப் போட்டார்கள். கடல் கடந்து ஈழத்து வன்னிக்குப் போனால் அங்கே வன்னியர் என்பது அடங்காத சிற்றரசரின் பட்டம். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டார வன்னியனை இந்த அரங்கில் அறியாதவர் யார்? ஒரே சொல் ஒரு கரையில் சாதி, மறு கரையில் பதவி. தம்பி, நீ கேட்டதற்கு இதுவே பாதிப் பதில்.

இனி மீண்டும் ஜெர்மனி. முகாமில் புனலுக்கு முன்னால் கைதிகள் பேசிக்கொண்டிருந்த அதே 1916இல் ஹைடல்பெர்க்கில் சமூகவியலறிஞர் மாக்ஸ் வேபர் இந்து மதம் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டுக்கொண்டிருந்தார். இந்தியாவுக்கு வராத மனிதர். ஆனால் ராஜபுத்திரர் பற்றி அவர் கண்டது கூர்மையானது. பழங்குடித் தலைவன் நிலத்தைப் பிடிக்கிறான், பிராமணனை அழைக்கிறான், அவன் வம்சாவளி எழுதித் தருகிறான், இவன் மானியம் தருகிறான், இருவருக்கும் லாபம். பிற்காலத்தில் வரலாற்றறிஞர் ஹெர்மன் குல்கே இதே வழியில் ஒடிசா சிற்றரசர்களைப் பற்றி நிறைய எழுதினார். அவர் முதலில் ஆராய்ந்தது நம் சிதம்பர மாகாத்மியம் என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி.

இன்னொரு ஜெர்மானியரும் முகாமுக்கு வந்தார். எகோன் ஃபொன் ஐக்ஷ்டெட். அவர் கையில் இருந்தது அளவுகோல். கைதிகளின் மண்டையை அளந்தார், மூக்கை அளந்தார், சீக்கியரின் இனக்கூறுகள் என்று ஆய்வேடு எழுதினார். பிறகு இந்தியாவுக்கும் போய் அளந்தார். நாஜிக் காலத்தில் இன ஆராய்ச்சியின் பெரிய பெயர்களில் அவரும் ஒருவர். வீரம் மூக்கில் இருக்கிறது என்ற நம்பிக்கை எங்கே போய் முடியும் என்பதை இந்த நாட்டில் வாழும் நமக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அவருக்கு முன்பே அளவுகோலை எடுத்தவர்கள் பிரிட்டிஷார். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு கிழக்கத்திய ராஜபுத்திரர் மேல் அவர்களுக்கு நம்பிக்கை போயிற்று. ஜகதீஷ்பூர் குன்வர் சிங் எண்பது வயதளவில் அவர்களை எதிர்த்து நின்றவர் அல்லவா! அதன் பிறகு "போர்க்குல" ஏடுகள் வந்தன. சீக்கியர், கூர்க்கா, பட்டாணியர், மேற்கத்திய ராஜபுத்திரர் உள்ளே. கும்பினிக்குத் தெற்கிலும் மைசூரிலும் வென்று கொடுத்த சென்னைப் படையின் தமிழரும் தெலுங்கரும் வெளியே. தளபதி ராபர்ட்ஸ் 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைவராக இருந்தவர். தென்னாட்டான் சண்டைக்கு ஆகமாட்டான் என்ற முடிவை அவரே ஊன்றினார். வூன்ஸ்டோர்ஃபில் தமிழ்க்குரலைத் தேடினால் ஏன் அரிது என்பதற்கு அந்த முடிவும் ஒரு காரணம்.

இந்த இடத்தில் என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். நான் உசிலம்பட்டிப் பக்கம் பிறந்தவன். பிரமலைக் கள்ளர் குடும்பம். காவல் எங்கள் முன்னோரின் தொழில். 1871இல் வடநாட்டில் வந்த குற்றப் பழங்குடிச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது, 1914 முதல் எங்கள் ஊர்களைச் சூழ்ந்தது. தர்வான் சிங் நேகிக்கு அரசர் பதக்கம் குத்திய காலமும் எங்கள் ஆட்களின் பெயர் குற்றப் பதிவேட்டில் ஏறிய காலமும் ஒன்றே. எங்கள் தாத்தா பிறந்தபோதே குற்றவாளி. வயது வந்ததும் பத்து விரல் ரேகையும் எடுத்தார்கள். இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். அடுத்த ஊரில் தங்க வேண்டுமென்றால் "ராத்திரிச் சீட்டு" வேண்டும். பக்கத்து ஊரில் அவர் அக்கா பிரசவத்தில் இறந்த இரவு சீட்டு கிடைக்கவில்லை. விடிந்த பிறகுதான் போனார். அப்போதே எடுத்துவிட்டிருந்தார்கள். தொண்ணூறு வயதிலும் அதைச் சொல்லும்போது வலது கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருப்பார். மை போய் அறுபது ஆண்டு ஆகியிருந்தது.

1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள் மேல் போலீஸ் சுட்டதில் பதினாறு பேர் மாண்டார்கள். புதுக்கோட்டையிலோ தொண்டைமான் மன்னருக்கு அதே அரசு பதினேழு குண்டு முழங்கி மரியாதை செய்தது. அவரும் கள்ளர் குலம்தான். ஒரே பேனா ஒருவனை மன்னன் என்றும், ஒருவனை வீரன் என்றும், ஒருவனைத் திருடன் என்றும் எழுதியது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல் நீங்கியது. எங்கள் இளைஞர்களில் சிலர் இப்போது க்ஷத்திரியப் பட்டத்துக்கு ஏங்குகிறார்கள். அந்த ஏக்கம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் கோபம் வருவதில்லை, வலிக்கிறது.

தம்பி, நாங்கள் சத்திரியரோ என்று கேட்டாய். உன் பாட்டன் பூட்டனில் சண்டை போட்டவன் இருந்திருப்பான், உழுதவன் இருந்திருப்பான், கடலில் போனவன் இருந்திருப்பான். யாரோ ஒருவருக்கு அரசன் பட்டம் கொடுத்திருப்பான், யாரோ ஒருவருடைய பட்டத்தைப் பறித்திருப்பான். அவர்கள் பெயர் தெரிந்தால் என்னிடம் எழுதிக் கொண்டுவா. ஊரையும் எழுது. இருவரும் உட்கார்ந்து தேடுவோம்.

அடுத்த மாதம் ஒலிக்காப்பகத்தில் நேரம் கேட்டிருக்கிறேன். இவனையும் கூட்டிப்போக அவன் அப்பா சம்மதித்திருக்கிறார். நூறாண்டுக்கு முந்தைய அரக்குத் தட்டின் இரைச்சல் முதலில் காதில் விழும், மழை பெய்வதுபோல. பிறகு ஓர் ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் மொழியில் பேசத் தொடங்குவார். அதைக் கேட்டுவிட்டு அந்தப் படிவத்தைப் பார்ப்போம். அம்மாவின் ஊர் எது என்ற கேள்விக்கு அவர் என்ன சொன்னார் என்பதைத்தான் நான் முதலில் படிக்கப்போகிறேன்.